கடல்மல்லைத் துறைமுகம்

மாமல்லபுரத்துக்குச் செல்வோர் பலர். அங்கே துறைமுகத்தைத் தேடுவோர் மிகச் சிலர். பேருந்திலிருந்து இறங்கியதும் அர்ச்சுனன் தவம், பிறகு ஐந்து இரதங்கள், பிறகு கடற்கரைக் கோயில், இறுதியில் ஒரு புகைப்படம். அத்துடன் சுற்றுலா நிறைவுறுகிறது. நான் தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில் மாணவர்களை அழைத்துக்கொண்டு பன்முறை அவ்வூருக்குச் சென்றிருக்கிறேன். ஒருமுறை எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கடற்கரைக் கோயிலின் மதிலருகே நின்று, "ஐயா, இது பல்லவர்களின் துறைமுகம் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறதே, துறைமுகம் எங்கே?" என்று கேட்டான். உடனிருந்த பிள்ளைகள் நகைத்தனர். நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அவ்வூரில் கேட்கவேண்டிய முதல் வினா அதுவே. அதற்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

துறைமுகம் என்றவுடன் நம் மனத்தில் எழும் படம் எது? பிறை வடிவில் வளைந்த ஒரு குடா. அதன் இருபுறமும் காவல்போல் நீண்ட கல்லணைகள். அணையை ஒட்டியே நிற்கும் கப்பல்கள். பின்னே படிப்படியாக மலைச்சரிவில் ஏறிச் செல்லும் வெள்ளை வீடுகள். இது பெரும்பாலும் கிரேக்க நாட்டுத் தீவுகளின் படம். ஈஜியன் கடலிலுள்ள அத்தீவுகளிற் பல, ஒரு காலத்தில் நிலமாயிருந்து பின்பு நீருள் அமிழ்ந்த மலைகளின் உச்சிகளாகும். மலை செங்குத்தாக நீருக்குள் இறங்குவதால் கரையோரத்திலேயே ஆழம் மிகுதி. கடலேற்றமும் இறக்கமும் அங்கே மிகக் குறைவு. ஆதலின் கரையிலே கற்சுவர் ஒன்று எழுப்பினால் போதும். கப்பல் வந்து அதனை அணைந்து நிற்கும். மாலுமி ஒரே எட்டில் தரையில் கால் வைப்பான்.

இந்தப் படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு மாமல்லபுரத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நமது சோழமண்டலக் கரை மணற்கரை. நேர்க்கோடு இழுத்தாற்போல் நீண்டு கிடப்பது; குடாக்கள் அரியன. கரையோரம் ஆழமற்றது, ஆழமற்ற இடத்தில் அலை எழுந்து மடிந்து உடைவது இயல்பு. பெரிய கப்பல் கரையை நெருங்கினால் தரைதட்டும். அலை உடையும் பகுதிக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்பதே அதற்கு வழி. ஆட்களும் சரக்கும் கரைக்கும் கப்பலுக்கும் இடையே சிறு படகுகளிற் சென்று வரவேண்டும்.

நம் மொழியும் இதற்கு இசைந்தே அமைந்திருக்கிறது. துறை என்பது நீரில் இறங்கும் இடம். ஆற்றிலே குளிக்கும் துறை உண்டு; வண்ணான் துறை உண்டு; ஓடத்துறை உண்டு. இவற்றுள் எதற்கும் மதிலும் அணையும் வேண்டுவதில்லை. மனிதரும் நீரும் சந்திக்கத் தகுந்த இடமொன்று வேண்டும், அவ்வளவே.

இது பழங்காலத்தார் செய்யத் தவறியது என்று எண்ணிவிடாதீர்கள். ஆங்கிலேயர் 1639-ஆம் ஆண்டில் சென்னைக் கரையில் இடம் பெற்றபோதும் அங்கே துறைமுகம் இல்லை. அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையின் வாணிகம் முழுவதும் அலைகளினூடே படகில்தான் நடந்தது. 1870-களில் அணை கட்டத் தொடங்கினர்; 1881-ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது; மறுபடியும் கட்டினர். கட்டி முடித்த அணை, கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்து நிறுத்தியது. தென்புறத்தில் மணல் குவிந்து மெரினா அகன்றது. வடபுறத்தில் இராயபுரம் பக்கம் கடல் நிலத்தை அரித்தது. நீராவி யுகத்துப் பொறியாளர்களையே இவ்வாறு திணறடித்த கரை இது.

அக்கரையில் நம்மவர் கையாண்ட படகைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். மசூலாப் படகு என்று ஐரோப்பியர் எழுதிவைத்த அப்படகில் இரும்பாணி கிடையாது. பலகைகளின் ஓரத்தில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்து, இணைப்புகளில் நாரும் வைக்கோலும் திணித்திருப்பர். ஆணியடித்த கட்டான படகு, உடையும் அலையில் தரையோடு மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். மோதலின் வேகத்தைத் தன் உடம்பிலே வாங்கிக்கொண்டு கரைமேல் வந்து அமரும். கட்டுமரம் இதனினும் எளியது. மரத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. நீர் மேலே ஏறினாலும் இடுக்குகளின் வழியே வடிந்துபோகும். ஆகவே மூழ்குவதென்பதே இல்லை. அதன் பெயரை ஆங்கிலேயர் கடன் வாங்கி, உலகெங்கும் இரட்டை உடற் படகுகளுக்குச் சூட்டி வழங்குகின்றனர். கிரேக்கத் தீவினர் தம் துறைமுகத்தைக் கல்லில் அமைத்தனர் என்றால், நம் முன்னோர் தம் துறைமுகத்தின் பாதியைப் படகிலேயே அமைத்துக்கொண்டனர் எனலாம்.

இனி மாமல்லபுரத்தில் நடப்போம். முதலிற் கடற்கரைக்குப் போகவேண்டா, குன்றின்மேல் ஏறுங்கள். மகிடாசுரமர்த்தினி குகைக்கு நேர்மேலே, பாறையின் உச்சியில், தலையிழந்த கற்கோயில் ஒன்று நிற்கிறது. அதனை ஓலக்கணேசுவரர் கோயில் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய அரசினர் இக்கோயிலின் கூரைமீதுதான் கலங்கரை விளக்கை ஏற்றினர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்திலேயே கல்லால் ஒரு வட்டக் கோபுரம் எழுப்பி விளக்கை அதற்கு மாற்றினர். பலகாலம் மூடியிருந்த அக்கோபுரம் 2011-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சமதளமான மணற்கரையில் கடலோடிக்கு வேண்டிய முதற்பொருள் தொலைவிலிருந்து தெரியும் அடையாளம். இக்குன்று அந்த அடையாளம். வட்டப் பாறைகள் நிறைந்த இம்மேடு இங்கே இல்லாவிடின் பல்லவர்க்குச் சிற்பமும் இல்லை, துறையும் இல்லை.

சங்கத்துப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனுடைய காஞ்சிக்குச் செல்லும் வழியில் நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தைக் காட்டுகிறது. அங்கே குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் கொணர்ந்த கப்பல்கள் சூழ நிற்கின்றன. ஏணி சார்த்தி ஏறவேண்டிய உயர்ந்த மாடம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கூரை இல்லை. இரவிலே அதன்மேல் கொளுத்திய தீ, கடலில் ஓடும் கலங்களை அழைக்கிறது. ஒளி வீசுதற்கு ஏற்பக் கூரையை விலக்கிவைத்த நுணுக்கத்தைப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் நேரிற் கண்டிருத்தல் வேண்டும். நீர்ப்பெயற்று மாமல்லபுரமே என்பர் சிலர். பாலாற்று முகத்தருகேயுள்ள வசவசமுத்திரம் என்பர் வேறு சிலர். இரண்டும் இதே கரையில் உள்ளவையே.

குன்றின் உச்சியிலிருந்து கிழக்கே நோக்கினால் கடற்கரைக் கோயில் தெரியும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்தது அது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமீது அதன் அடித்தளம் அமைந்துள்ளது. தெற்கிலிருந்து வரும் அலைகள் அப்பாறையில் மோதி ஓரளவு வலுவிழக்கின்றன. அதன் வடபுறத்தே மீனவர் குப்பமும் படகுகளை இழுத்துவைக்கும் மணலும் இருப்பதைக் காண்க. இது தற்செயல் அன்று என்பது என் கருத்து. பிற்காலத்து ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ஏழு கோயில் என்றே தம் மொழிகளில் வழங்கினர். அவர்கள் இதனைக் கப்பலின் தளத்திலிருந்தே பெரிதும் கண்டவர்கள்.

இப்பொழுது திரும்பி மேற்கே நோக்குங்கள். பலரும் நோக்காத திசை இது. ஊருக்குப் பின்னே கழியும், அதனோடு சேர்ந்த பக்கிங்ஹாம் கால்வாயும் கிடக்கின்றன. 1806-ஆம் ஆண்டளவில் சென்னைக்கு வடக்கே தொடங்கிய கால்வாய் அது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டுப் பல பகுதிகள் வெட்டி இணைக்கப்பட்டன. உப்பும் விறகும் அவ்வழியே சென்னைக்குச் சென்றன. நல்ல சாலை வருமுன் மாமல்லபுரத்தைக் காண வந்தோர் இக்கால்வாயில் இரவெல்லாம் படகிற் பயணம் செய்து வந்திறங்கினர். 1960-களின் புயல்களுக்குப் பின் போக்குவரத்து அற்றது. முன்னே அலைகடலும் பின்னே அமைதியான கழியுமாக இவ்வூருக்கு இரு நீர்வாயில்கள் உண்டு என்பதை மனத்திற் கொள்க.

துறை தனியே வாழாது. அதன் பின்னே ஒரு நாடு இருத்தல் வேண்டும். மாமல்லபுரத்தின் பின்னே இருந்தது காஞ்சி. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் உள்நாட்டில் அமைந்த அத்தலைநகரைச் சீனப் பயணி யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் கண்டார். இலங்கைக்குக் கப்பலேறும் இடமாகவே அதனைக் குறித்தார். உள்நாட்டு நகரைக் கடல்வாயில் என்று ஒருவர் கூறவேண்டுமானால், அதன் துறை நகரோடு எத்துணை நெருங்கி இணைந்திருத்தல் வேண்டும்! மாமல்லன் எனும் நரசிங்கவர்மன், தன்னிடம் அடைக்கலம் புகுந்த சிங்கள இளவரசன் மானவர்மனுக்காகக் கடல் கடந்து படை அனுப்பினான். அப்படை இத்துறையிலிருந்தே புறப்பட்டதென வரலாற்றாசிரியர் கொள்வர். திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடுமிடத்து, செல்வக் குவியலும் யானைகளும் மணிகளும் சுமந்து கப்பல்கள் இயங்குவதைக் குறிப்பிடுகிறார். யானையை இந்த அலைகளினூடே கப்பலுக்கு எவ்வாறு கொண்டுசென்றிருப்பர்? யானை நன்றாக நீந்தும் என்பதை மட்டும் சொல்லி, மற்றதை உங்கள் சிந்தனைக்கு விடுகிறேன்.

பல்லவர் காலம் மறைந்த பின்னும் இவ்வூர் வணிகர் ஊராகவே நீடித்தது. கடற்கரைக் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, இவ்வூரை நகரமாகவும், அதன் நிருவாகத்தை நகரத்தாரின் கையிலும் காட்டுகிறது. நகரம் என்பது அக்காலத்தில் வணிகர் சபைக்குரிய சொல். இக்கரையோரத்துத் தமிழ் வணிகர் எங்கெங்கே சென்றனர் என்பதற்குச் சயாமில், இன்றைய தாய்லாந்தில், தக்குவாபா என்னுமிடத்தில் ஒரு சான்று கிடைத்தது. மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரின் பெயரும், அவனிநாரணம் என்னும் குளத்தின் பெயரும் பொறித்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்துக் கீழ்த்திசை சென்று, வாடை வீசத் தொடங்கியதும் திரும்புவது அவர்தம் வழக்கம். ஐப்பசி, கார்த்திகைப் புயல்களில் இக்கரையருகே நிற்பதை எந்த நாட்டு மாலுமியும் விரும்பியதில்லை.

செங்கற்பட்டிலிருந்து வருவோர் இந்த உள்நாட்டு வழியைத் தம் கால்களாலேயே அளந்தறியலாம். 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகரான அவ்வூரின் தெற்கே பாலாறு ஓடுகிறது. கொளவாய் ஏரியை விட்டுப் புறப்பட்டு, நடுவழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்குங்கள். மலையிலுள்ள ஒருக்கல் மண்டபம் பல்லவர் குடைவித்த கோயில். அதன் கல்லிலே பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், தம் பெயர்களை வெட்டிச் சென்றிருக்கின்றனர். பழஞ்சின்னங்களிற் பெயர் கிறுக்கும் மாணவர்களை நான் தண்டித்ததுண்டு. அவர்கள் அக்கலையில் முன்னோடிகள் அல்லர் என்பதையும் அவர்களுக்குச் சொல்லியதுண்டு.

இந்த ஒல்லாந்தர் எங்கிருந்து வந்தனர்? மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்தனர். உள்நாட்டு நெசவூர்களின் மெல்லிய துணிகளை நாடி அவர்கள் அங்கே பண்டகசாலையும் செங்கற்கோட்டையும் அமைத்தனர். கோட்டையினுள் அவர்களுடைய கல்லறைகள் அழகிய எழுத்து வேலைப்பாட்டுடன் இன்றும் உள்ளன. 1782-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் அவ்வூருக்கு எதிரே நடுக்கடலில் ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. எப்பக்கமும் முழு வெற்றி பெறவில்லை. ஆனால் அங்கும் கப்பல் அணையும் சுவர் கிடையாது. துணிப்பொதிகள் கரையிலிருந்து படகேறித்தான் கப்பலை அடைந்தன. வடக்கே கோவளத்திலும் நிலை அதுவே. ஆக, பல்லவனுக்குப் போதுமாயிருந்த துறை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த ஐரோப்பியனுக்கும் போதுமாயிருந்தது.

பாலாறு கடலோடு கலக்குமிடத்தருகே உள்ள வசவசமுத்திரத்தைப் பற்றி முன்பு கூறினேன். 1970-ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது உறைகிணறுகளும், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. திராட்சை மதுவும் எண்ணெயும் நிரப்பிக் கப்பலேற்றும் கூர்நுனிச் சாடிகள் அவை. இதே வகைச் சாடிகள் புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் மிகுதியாகக் கிடைத்தன. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு நடத்தினார். அரிக்கமேட்டு ஓடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தோர், அவற்றுட் சில கோஸ் என்னும் கிரேக்கத் தீவின் மதுச்சாடிகளைச் சேர்ந்தவை எனக் கண்டனர். இரண்டு கோல்களை ஒட்டவைத்தாற்போன்ற இரட்டைப் பிடி, கோஸ் சாடியின் அடையாளம். அத்தீவினர் தம் மதுவிற் கடல்நீரைக் கலப்பது வழக்கம். கற்றுறையில் கப்பலேறிய மது, செங்கடலும் அரபிக்கடலும் கடந்து நம் நாட்டை அடைந்து, இறுதியில் நம்மவர் படகில் அலை தாண்டி மணலில் இறங்கியிருக்கிறது. யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியனுக்கு ஊட்டுவதாகப் புறநானூற்றிலே குறிப்பு உண்டு. கிரேக்கத் தீவுத் துறைமுகத்தையும் நம் மணற்றுறையையும் ஒப்பிட்டுப் பார்க்க நான் முற்பட்டதற்கு இந்த ஓட்டாஞ்சில்லும் ஒரு காரணம்.

மீண்டும் மாமல்லபுரத்துக்கு வருவோம். பழந்துறையின் எவ்வளவு பகுதி கடலுக்கடியில் இருக்கிறது? 2002-ஆம் ஆண்டில் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் ஆங்கில நாட்டுக் குழுவொன்றுடன் சேர்ந்து கடற்கரைக் கோயிலுக்கு எதிரே மூழ்கி ஆராய்ந்து, கட்டட எச்சங்களைக் கண்டனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, முதலிற் கடல் வெகுதொலைவு உள்வாங்கியது. பின் திரும்பிய அலை மணலை வாரிச் சென்று, மறைந்திருந்த கற்களை வெளிப்படுத்தியது. அதே அலை இக்கரை நெடுகிலும் மீனவர் குடும்பங்களிலிருந்து உயிர்களைக் கொண்டு சென்றது. அதைச் சொல்லாமல், அது காட்டிய கற்களை மட்டும் வியந்து பேசுதல் தகாது.

வடக்கே சில கிலோமீட்டரிலுள்ள சாளுவன்குப்பத்தில் அவ்வாறு வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டு, திருவிழிச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலைக் குறித்தது. அதைத் துணையாகக் கொண்டு 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்பொருள் துறையினர் பக்கத்து மணல்மேட்டைத் தோண்ட, கருங்கற்கோயிலின் அடிப்பகுதியும், அதன் கீழே அதனினும் பழைய செங்கற்கோயிலும் வெளிவந்தன. செங்கற் பகுதி சங்க காலத்தது என ஆய்ந்தோர் கருதினர். பழைய கடற்பெருக்கொன்றால் அது அழிந்திருக்கலாம் என்றும் கூறினர். மணலை வாரி மூடுவதும் அதே கடல்; வாரித் திறப்பதும் அதே கடல்.

ஆயின் இத்துறையில் முற்றிலும் மறையாத பகுதி ஒன்று உண்டு. அது மீனவர் வாழ்வு. 1984-ஆம் ஆண்டில் இவ்வூரின் சின்னங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்ந்தன. பட்டியலிற் கோயில்கள் உள்ளன; குப்பத்துப் படகுகள் இல்லை. தைத்த படகு இன்று காண்பதரிது. கட்டுமரத்தின் இடத்தையும் பெரும்பாலும் பொறி பூட்டிய கண்ணாடியிழைப் படகு பிடித்துக்கொண்டது. அலை எழுந்து, மடிந்து, அடுத்தது எழுமுன் வாய்க்கும் இடைவெளியை அளந்து படகைச் செலுத்தும் அறிவு மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருக்கிறது. அக்குப்பத்துப் பிள்ளைகள் நம் பள்ளிகளிற் பயில்கின்றனர். வரலாற்று வகுப்பில் துறைமுகப் பாடம் நடக்கும்போது அவர்களை எழுப்பிப் பேசவிட்ட ஆசிரியர்கள் எத்தனை பேர்?

அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: கடலில் நீ நிற்கும் இடத்தை எப்படி அறிகிறாய்? கரையிலுள்ள இரண்டு பொருள்கள், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக, ஒரே கோட்டில் வருவதைப் பார்த்து அறிவதாகச் சொல்வர். பனைமரமும் கோபுரமும், கோயிலும் குன்றும் அவ்வாறு பயன்படும். கடற்கரைக் கோயிலின் விமானம் முன்னே, குன்றின் உச்சி பின்னே. இரண்டையும் நாம் குன்றின் மேலிருந்து பார்த்தோம். அவர்கள் தினந்தோறும் எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கின்றனர்.

அடுத்தமுறை செல்லும்போது, பேருந்தைச் சற்று முன்னதாகப் பிடித்து, விடியற்காலையில் கோயிலுக்கு வடக்கேயுள்ள மணலுக்குப் போய்ச் சேருங்கள். அப்பொழுதுதான் படகுகள் திரும்பும். கரைக்கு அப்பால் ஓரிடத்தில் ஒவ்வொரு படகும் சற்றே தயங்கி நிற்பதைக் காண்பீர்கள். பெரிய அலை இரண்டு மூன்றைப் போகவிட்டு, அதன்பின் ஒரே ஓட்டமாகக் கரையேறும். அந்தச் சிறுவன் தேடிய துறைமுகத்தின் வாயில், படகு தயங்கும் அந்த இடந்தான்.